வீட்டு அறையில் விளைந்த கிட்டார்

ஐரோப்பாவில் கிட்டார் செய்யும் தொழில் நெடுங்காலம் வீட்டை ஒட்டியே நடந்தது. ஆனால் நினைத்தவர் நினைத்த இடத்தில் அதைத் தொடங்கிவிட முடியாது. ஸ்பெயினின் செவில் நகரக் கைவினைச் சங்கங்களின் விதிகள் 1502-இல் வகுக்கப்பட்டு 1527-இல் அச்சேறின. தந்திக் கருவி செய்ய விரும்புபவர் பல வகைக் கருவிகளைத் தன் கையால் செய்து தேர்வாளர்களிடம் காட்டித் தேற வேண்டும், அதன் பிறகே கடை திறக்கலாம் என்று அவை கூறின. யார் எந்த மரத்தில் எதைச் செய்யலாம் என்பதைச் சங்கமே முடிவு செய்தது.

அந்தப் பிடி தளர்ந்த விதம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள மார்க்நாய்கிர்ஷென் இசைக்கருவிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே கிட்டார் செய்யும் உரிமை தங்களுக்கு மட்டுமே உரியது என்று வயலின் செய்பவர்களின் சங்கம் 1826-இலும் 1832-இலும் வழக்காடியது. எதிர்த்தரப்பில் நின்றவர்கள் மேசை, அலமாரி செய்யும் தச்சர்கள். தச்சர்களின் உரிமை நிலைத்தது. ஆனால் அந்தப் பூசலில் சலித்துப்போன தச்சுக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் 1833-இல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபெயர்ந்தார். இன்று உலகம் அறிந்த மார்ட்டின் நிறுவனத்தின் வேர் அதுதான். ஸ்பெயினிலும் 19-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் சங்கங்களின் அதிகாரம் சட்டத்தால் முடிவுக்கு வந்தது. இனித் தச்சு தெரிந்த எவரும் கிட்டார் செய்யலாம். கிட்டாரின் இன்றைய வடிவத்தை வரையறுத்தவரும் அப்படி வந்த ஒரு தச்சரே.

அந்தோனியோ தெ தோர்ரெஸ் 1817-இல் தெற்கு ஸ்பெயினின் அல்மேரியாவை அடுத்த லா கன்யாதாவில் பிறந்தார். பன்னிரண்டு வயதில் தச்சு கற்கப் போனார். பதினெட்டில் திருமணம். பத்தாண்டுக்குள் மனைவி காசநோயால் இறந்தார். பிழைப்புத் தேடி செவில் சென்றவர் அங்கே கிட்டார் செய்யத் தொடங்கினார். அக்காலத்தின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஹூலியான் ஆர்காஸ் அவரது கைத்திறனைக் கண்டு, இதையே முழுத் தொழிலாகக் கொள்ளுமாறு ஊக்கினார். 1856-இல் செய்த 'லா லியோனா' என்ற கிட்டார் தோர்ரெஸின் பெயரை நிறுத்தியது. 1858-இல் செவில் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் கிடைத்தது.

கிட்டாரின் உடலைப் பெரிதாக்கியதும், மேற்பலகையை மெலிதாக்கிச் சற்றே மேல்நோக்கிக் கவிந்த வளைவு கொடுத்ததும், தந்தி அதிரும் நீளத்தை ஏறக்குறைய 650 மில்லிமீட்டரில் நிலைநிறுத்தியதும் தோர்ரெஸின் பணி. மேற்பலகையின் உட்புறத்தில் விசிறி மடிப்புகள் போல விரியும் ஏழு மெல்லிய சட்டங்களை அவர் ஒட்டினார். விசிறி அமைப்பு அவரது கண்டுபிடிப்பு அல்ல. செவிலில் பிரான்சிஸ்கோ சங்கினோ 1759-இலேயே அதைப் பயன்படுத்தியிருக்கிறார். காதிஸ் நகரத்துப் பாஹெஸ் குடும்பத்தாரும் பயன்படுத்தினர். சிதறிக் கிடந்த இந்த வழிகளை ஒரே கருவியில் சரியான அளவில் சேர்த்ததுதான் தோர்ரெஸின் பெருமை. அவருக்குப் பின் வந்த செவ்வியல் கிட்டார்களில் பெரும்பாலானவை அந்த அளவுகளிலிருந்து வெகுதூரம் விலகவில்லை.

ஒலியைத் தருவது மேற்பலகை, மற்றவை அதைத் தாங்கவே இருக்கின்றன என்பது அவர் கொள்கை. அதை மெய்ப்பிக்க 1862-இல் பின்புறத்தையும் பக்கங்களையும் வெறும் காகித அட்டையால் செய்து, மேற்பலகைக்கு மட்டும் நல்ல ஸ்புரூஸ் மரம் வைத்து ஒரு கிட்டாரைக் கட்டினார். பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இன்னும் இருக்கிறது.

இத்தனை புகழ் இருந்தும் கிட்டார் அவருக்குச் சோறு போடவில்லை. 1870 வாக்கில் அல்மேரியாவுக்குத் திரும்பி, பீங்கான் பாத்திரக் கடை வைத்தார். 1875-இல் மீண்டும் கிட்டாரைக் கையிலெடுத்தபோது, 'இரண்டாம் காலம்' என்று கிட்டாருக்குள் ஒட்டும் சீட்டில் அச்சிட்டு, ஒவ்வொரு கருவிக்கும் எண் கொடுத்தார். கடையையும் குடும்பத்தையும் கவனித்த நேரம் போக வீட்டில் செய்த வேலை அது. வாங்குபவரின் வசதிக்கேற்ப அலங்காரம் நிறைந்தவையும் செய்தார், உள்ளூர் சைப்ரஸ் மரத்தில் எளியவையும் செய்தார். நல்ல அகலப் பலகை அமையாதபோது துண்டுகளை இணைத்தே மேற்பலகை ஆக்கினார். ஒலியில் அது குறையாகத் தெரியவில்லை. முதுமையில் கை நடுங்கத் தொடங்கியதும், நண்பரான பாதிரியார் ஹுவான் மார்த்தினெஸ் சிர்வெந்த் ஒட்டும் வேலைகளில் உதவினார். மேற்பலகையைப் பதப்படுத்தும் நேரத்தில் மட்டும் தோர்ரெஸ் அறையைத் தாழிட்டுக்கொள்வாராம். அந்த ரகசியத்தை உலகுக்கு விட்டுச் செல்லக் கூடாதா என்று கேட்டபோது, அது தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் இருப்பதால் தன்னோடுதான் வரும் என்று பதில் சொன்னதாகப் பாதிரியார் பிற்காலத்தில் எழுதினார். இது வெறும் பேச்சு அல்ல. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளும் ஒரே விறைப்பு கொண்டிருப்பதில்லை. விரல்களால் வளைத்தும் தட்டியும் பார்த்து எங்கே இன்னும் சீவலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்வதற்கு இன்றுவரை அளவுகோல் மட்டும் போதுவதில்லை. 1892-இல் தோர்ரெஸ் இறந்தார்.

ஸ்பானிய முறை சிறு அறைக்குப் பொருந்தியதற்கு அதன் கட்டுமான வரிசையே காரணம். வடக்கு ஐரோப்பாவில் உடலை ஒரு அச்சுக்குள் தனியாகக் கட்டி, கழுத்தைப் பின்னர் பொருத்துவது வழக்கம். ஸ்பெயினில் தொடக்கத்திலிருந்தே இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன. வேலை முழுவதையும் தாங்குவது 'சொலேரா' எனப்படும் ஒரே தளப்பலகை. அதன் நடுப்பகுதி லேசாகக் குழிவாக இழைக்கப்பட்டிருக்கும். மேற்பலகையை அதன்மீது குப்புற வைத்துச் சட்டங்களை ஒட்டும்போது பலகை தானாகவே வளைவைப் பெறுகிறது. கழுத்தின் அடிப்பகுதியில் இருபுறமும் ரம்பத்தால் கீறிய பள்ளங்களில் பக்கப் பலகைகளின் முனைகள் நுழைகின்றன. அந்தப் பக்கப் பலகைகள் நீரில் நனைத்துச் சூடான இரும்புக் குழாயின்மீது கையாலேயே வளைக்கப்பட்டவை. பிறகு பக்கமும் மேற்பலகையும் சேரும் விளிம்பு நெடுக, விரல்நகம் அளவான சிறு மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். சூடான வஜ்ஜிரப் பசையைத் தடவி, விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் போதும், கட்டை நின்றுவிடும். இறுக்கிகள் வரிசையாகத் தேவையில்லை. கடைசியாகப் பின்பலகையை மூடிக் கயிற்றால் சுற்றி இறுக்குகிறார்கள். இழைப்புளி, உளி, சுரண்டி, அரம், நல்ல ரம்பம் ஆகியவற்றோடு ஒருவர் இந்த வேலை முழுவதையும் தனியே முடிக்கலாம்.

கழுத்தில் சுரங்களின் இடத்தைப் பிரித்துக் காட்டும் ஃப்ரெட் கம்பிகளை எங்கே பதிப்பது என்பதில்தான் கணக்கு வருகிறது. கலிலியோவின் தந்தையும் இசையறிஞருமான வின்சென்சோ கலிலெய் 1581-இல் வெளியிட்ட நூலில், எஞ்சியுள்ள தந்தி நீளத்தைப் பதினெட்டால் வகுத்துக்கொண்டே போகும் வழியைத் தந்தார். கருவி செய்பவர்கள் அதை நூற்றாண்டுகளாகக் கையாண்டனர். சரியான வகுஎண் 17.817. 650 மில்லிமீட்டர் தந்திக்கு முதல் ஃப்ரெட் 36.48 மில்லிமீட்டரில் வர வேண்டும். பழைய விதிப்படி 36.11-இல் வரும். முதல் ஃப்ரெட்டில் சிறிதாகத் தோன்றும் இந்தப் பிழை மேலே போகப் போகச் சேர்ந்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் காதுக்கு எட்டும் அளவு ஆகிவிடுகிறது. தந்தியை அழுத்தும்போது அது சற்றுக் கூடுதலாக இழுபடுவதால் பழைய விதியின் குறை ஓரளவு ஈடுகட்டப்பட்டது.

தோர்ரெஸின் வழி ஸ்பெயினைத் தாண்டியது பழைய கருவிகளை அளந்து பார்த்தவர்களால். மியூனிக் நகரத்துக் கருவியாளர் ஹெர்மன் ஹவுசர், 1924-இல் அங்கு வந்த ஸ்பானியக் கிட்டார் கலைஞர் ஆந்த்ரேஸ் செகோவியாவின் கிட்டாரைப் பார்த்து அளவெடுத்தார். மத்ரித்தின் மானுவேல் ராமிரெஸ் பட்டறையில் 1912-இல் செய்யப்பட்ட கருவி அது. ஹவுசர் ஆண்டுதோறும் புதிது புதிதாகச் செய்து அனுப்பியும் செகோவியா முழு நிறைவு அடையவில்லை. 1937-இல் வந்த கிட்டாரைத்தான் அவர் தன் மேடைக் கருவியாக ஏற்றார். இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டாம் உலகப்போரில், அதுவரை தந்தியாகப் பயன்பட்ட குடல்நரம்பு தையல் நூலாக மருத்துவமனைகளுக்குப் போனதால் தந்திக்குத் தட்டுப்பாடு வந்தது. நியூயார்க்கில் கருவி செய்துவந்த ஆல்பர்ட் அகஸ்டின் நைலான் இழையைத் தந்தியாக்க முயன்றார். செகோவியாவின் ஊக்கத்துடன் 1940-களின் இறுதியில் அது சந்தைக்கு வந்தது.

போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில்தான் வீட்டுப் பட்டறை புதிய பொருள் பெற்றது. மத்ரித்தில் 1932-இல் பிறந்த ஹோசே ரொமானில்யோஸ் தச்சராகப் பயின்றவர். 1950-களில் வேலை தேடி இங்கிலாந்து சென்றார். ஊர் நினைவில் வாசிக்கக் கிட்டார் வேண்டும், வாங்கப் பணம் இல்லை. 1961-இல் வீட்டிலேயே ஒன்றைச் செய்தார். குருவும் இல்லை, பரம்பரையும் இல்லை. தன் கருவியோடு நிற்காமல் பழைய ஸ்பானியக் கிட்டார்களைத் தேடிச் சென்று ஆராய்ந்தார். ஆங்கிலேயக் கலைஞர் ஜூலியன் பிரீம் அவரது வேலையைக் கண்டு, வில்ட்ஷயரின் செம்லியில் இருந்த தன் வீட்டுப் பட்டறையில் இடம் கொடுத்தார். 1973-இல் ரொமானில்யோஸ் செய்த கிட்டாரை பிரீம் பல ஆண்டுகள் மேடையில் வாசித்தார். 1987-இல் ரொமானில்யோஸ் வெளியிட்ட தோர்ரெஸின் வாழ்க்கையும் பணியும் பற்றிய நூல், எஞ்சியிருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக அளந்து பதிவு செய்தது. ஒரு தச்சரின் வாழ்க்கையை இன்னொரு தச்சர் உளியும் ஆவணமும் கொண்டு மீட்டெடுத்த அரிய நூல் அது. தோர்ரெஸைப் பற்றி இன்று உறுதியாகத் தெரிந்தவற்றுள் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் புத்தகம் குருவின் இடத்தைப் பிடித்தது. இர்விங் ஸ்லோன் 1966-இல் எழுதிய செவ்வியல் கிட்டார் கட்டுமான நூல், படங்களோடு படிப்படியாக வழிகாட்டியது. 1972-இல் அமெரிக்கக் கருவியாளர்களின் சங்கம் ஒன்று உருவானது. பழைய சங்கங்கள் காத்த தொழில் நுணுக்கத்தை இந்தச் சங்கம் உறுப்பினர்களின் கட்டுரைகளாகவும் வரைபடங்களாகவும் வெளியிட்டது. வீட்டில் தனியே உட்கார்ந்து வேலை செய்பவர் முதன்முறையாகத் தன்னைப் போன்ற பலரின் அனுபவத்தை எட்ட முடிந்தது.

மின் கிட்டாருக்கும் வீட்டுக் கதைகள் உண்டு. அவற்றுள் சிறந்தது, பின்னாளில் குயீன் குழுவின் கிட்டார் கலைஞரான பிரையன் மேயுடையது. கடைக் கிட்டார் எட்டாத விலையில் இருந்ததால், 1963-இல் பள்ளி மாணவனாக இருந்தபோது லண்டனை அடுத்த ஃபெல்த்தமில் தன் தந்தையோடு சேர்ந்து ஒன்றைச் செய்யத் தொடங்கினார். கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மகாகனி மரச்சட்டம். அதிலிருந்த பூச்சித் துளைகளைத் தீக்குச்சிகளால் அடைத்தார்கள். உடலுக்கு ஒரு பழைய மேசையின் ஓக். தந்தியை அசைக்கும் பொறிக்கு மோட்டார் சைக்கிளின் சுருள்வில். ஃப்ரெட் அடையாளப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த சிப்பிப் பொத்தான்கள். குயீன் குழுவின் பாடல்களில் கேட்கும் ஒலி அந்தக் கருவியுடையதுதான்.

செய்வதைவிடப் பழுதுபார்ப்பதுதான் பல வீட்டுப் பட்டறைகளுக்கு வருமானம் தந்தது. நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ விசையோடு இழுக்கின்றன. எஃகுத் தந்திகளின் இழுப்பு அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் கொண்ட மேற்பலகை அதை ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது. மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் பாலத்தின் பின்புறம் புடைக்கிறது, முன்புறம் அமிழ்கிறது, கழுத்து மெல்ல மேலே வளைகிறது. கழுத்துக்குள் திருகி இறுக்கும் இரும்புக் கம்பிக்கு கிப்சன் நிறுவனம் 1923-இல் காப்புரிமை பெற்றது எஃகுத் தந்தியின் இந்த இழுப்பைச் சமாளிக்கத்தான். குளிர்நாட்டு வீடுகளில் அறையைச் சூடாக்கும்போது காற்று வறண்டு பலகை சுருங்கி வெடிக்கிறது. வெடிப்பை மூட முதலில் ஈரப்பதத்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். பலகை விரிந்து வெடிப்பு நெருங்கிய பின் வஜ்ஜிரம் செலுத்தி, உட்புறத்தில் வரியோட்டத்துக்குக் குறுக்காகச் சிறு மரத்துண்டுகளை ஒட்டுகிறார்கள். கை நுழையும் ஒரே வழி ஒலித்துளை. கண்ணாடியும் சிறு விளக்கும் வைத்துத் தடவித் தடவிச் செய்யும் வேலை இது.

பழைய கருவிகள் நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகும் சீராவதற்கு வஜ்ஜிரமே முதற்காரணம். வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகிவிடும், பின்பலகையைச் சேதமின்றிக் கழற்றித் திரும்ப மூடலாம். எபாக்ஸி பூசி ஒட்டிய கிட்டார் அடுத்த கைக்கு வரும்போது பெரும்பாலும் மரத்தை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. மேற்பூச்சுக்கும் இதே விதி. மெல்லிய அரக்குப் பூச்சைப் புதுப்பிப்பது எளிது. தடித்த நவீனப் பூச்சைச் சுரண்டினால் மரத்தின் தடிமனும் குறைந்து, செய்தவர் விட்டுச்சென்ற அளவே அழிந்துவிடுகிறது. பழுதுபார்ப்பவர் கையில் வரலாற்று ஆவணமும் இருக்கிறது என்ற உணர்வு 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலானது. அதற்கு முன் எத்தனையோ நல்ல மேற்பலகைகள் தேவையின்றி மாற்றப்பட்டன.

மரம் கிடைக்கும் வழியும் மாறிவிட்டது. உயர்ந்த கிட்டார்களின் பக்கங்களுக்கும் பின்புறத்துக்கும் பிரேசில் ஈட்டி மரமே விரும்பப்பட்டது. 1960-களின் இறுதியில் பிரேசில் மரத்தடிகளின் ஏற்றுமதியை நிறுத்தியபோது, மார்ட்டின் நிறுவனமும் பிறரும் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு மாறினர். கேரளம், கர்நாடகம், நீலகிரி ஆகிய இடங்களில் வளரும் தோதகத்தி அப்படித்தான் உலகக் கிட்டார்களின் உடலானது. தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டி மரத்தைக்கூட அனுமதியின்றி வெட்டத் தடை விதிக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. பிரேசில் ஈட்டி 1992-இலிருந்து, அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. 2017-இல் ஈட்டிப் பேரினம் முழுவதும் அதற்கு அடுத்த பட்டியலில் சேர்க்கப்பட்டு, செய்து முடித்த கிட்டாரை எல்லை தாண்டி விற்பதற்குக்கூட அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. 2019-இல் முடிந்த இசைக்கருவிகளுக்கு, பிரேசில் வகை நீங்கலாக, விலக்கு கிடைத்தது. அறுத்த பலகைக்கு விலக்கு இல்லை. ஒன்றிரண்டு கிட்டாருக்கு மட்டும் பலகை வாங்கும் வீட்டுக் கைவினைஞர்கள் பலர் அதனால் மேப்பிள், வால்நட், சைப்ரஸ் ஆகிய மரங்களையும் பழைய மரச்சாமான்களிலிருந்து எடுத்த பலகைகளையும் கொண்டு வேலை செய்கிறார்கள்.