தீர்மானம், பிரதிக்ஞை, இலக்கு: யார் யாரைக் கட்டுவது?

ஆங்கிலம் பயிலத் தொடங்குவோருக்கான நூல்களில், வாழ்க்கை நோக்கங்களைப் பற்றிப் பேசுவதற்கென்று ஒரு சொற்பட்டியல் தவறாமல் இடம்பெறும். கோல், எய்ம், டார்கெட், அம்பிஷன், ரெசல்யூஷன், ப்ளெட்ஜ், வவ் என ஏழெட்டுச் சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். எதிரே குறிக்கோள், இலக்கு, உறுதிமொழி என்று பொருள் தரப்பட்டிருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்து வாக்கியம் அமைக்கும் பயிற்சியும் பின்தொடரும். இவற்றை ஒருபொருட்பன்மொழிகளாகக் கொள்வது தொடக்கநிலை மாணவருக்கு வசதிதான். ஆனால் இவற்றுள் இரண்டு சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டின்மீது இந்தியர்களின் அரசியல் இயக்கம் ஒன்று எழுந்திருக்கிறது என்பதை அப்பட்டியல் மறைத்துவிடுகிறது.

சொற்களின் பிறப்பு முதலில். 'கோல்' 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஓட்டப்பந்தயத்தின் முடிவெல்லை. 'டார்கெட்' முதலில் ஒரு சிறு கேடயம். எய்து பழகுவதற்கான குறி என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. 'எய்ம்' மதிப்பிடுதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'எஸ்டிமேட்' அதன் உடன்பிறப்பு. 'அம்பிஷன்' என்பது ரோமில் பதவி நாடுவோர் ஆதரவு கேட்டு ஊரைச் சுற்றிவந்த செயல். நெடுங்காலம் அது வசைச்சொல்லாகவே வழங்கிற்று. ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீஸர் நாடகத்தில் சீஸர்மீது புரூட்டஸ் சுமத்தும் குற்றமே அதுதான். அந்தக் காட்சியை ஒரு வகுப்பில் மனனம் செய்து, அடுத்த வகுப்பில் 'மை அம்பிஷன் இன் லைஃப்' என்று கட்டுரை எழுதிய இந்திய மாணவர் தலைமுறைகள் பல. அந்த முரண் எவருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

'வவ்' என்னும் சொல்லின் கதை இன்னும் சுவையானது. லத்தீனில் வோட்டும் என்பது தெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும் நேர்த்திக்கடன். அந்த ஒரே சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு இரு கிளைகள் வந்தன: பிரெஞ்சு வழியாக வந்தது 'வவ்', லத்தீனிலிருந்து வந்தது 'வோட்'. தனிமனிதர் தம்மைத் தாமே கட்டிக்கொள்ளும் நேர்ச்சையும், பலர் கூடிக் கைதூக்கி முடிவெடுக்கும் வாக்கும் ஒரே வேரின் கிளைகள்.

'ரெசல்யூஷன்' இதற்கு நேர் எதிரான வழியில் வந்தது. அதன் லத்தீன் வேருக்குத் 'தளர்த்துதல், அவிழ்த்தல்' என்று பொருள். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் நுழைந்தபோது அது ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரிப்பதைக் குறித்தது. ஐயத்தை அவிழ்ப்பது, அவிழ்த்தபின் எஞ்சும் முடிவு, அம்முடிவில் நிற்கும் மனவுறுதி எனப் பொருள் படிப்படியாக நகர்ந்தது. அவைகளின் முறையான முடிவையும் 1600ஐ ஒட்டி அச்சொல் குறிக்கலாயிற்று. தமிழின் தீர்மானமோ 'தீர்' என்ற வினையடியாகப் பிறந்தது; முடிதலைச் சுட்டுவது. குஜராத்தியின் டராவ், படிதல், உறைதல் எனப் பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அவிழ்வதும், தமிழில் முடிவதும், குஜராத்தியில் உறைவதும் ஒரே செயலைத்தான் குறிக்கின்றன.

தனிமனித நாட்குறிப்பில் இச்சொல் சமயத்தின் வழியாகக் குடியேறியது. அமெரிக்க மதபோதகர் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1722-23இல் 70 ரெசல்யூஷன்களை எழுதி, வாரந்தோறும் அவற்றைப் படித்துப் பார்க்க வேண்டுமென்று தமக்கே விதித்துக்கொண்டார். 1755இல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அதிகாலையில் எழுவதாக ஆண்டுக்கணக்கில் உறுதிபூண்டார், தவறினார், மீண்டும் உறுதிபூண்டார். அவர் இறந்தபின் 1785இல் வெளியான பிரார்த்தனைக் குறிப்புகளில் இந்தத் தோல்விகள் வரிசையாகப் பதிவாகியிருக்கின்றன. அகராதி எழுதியவருக்கே அச்சொல் அடங்கவில்லை!

இந்தியப் பொதுவாழ்வில் அச்சொல் வேரூன்றியது நாட்குறிப்பு வழியாக அன்று. பொதுக்கூட்ட மேடை வழியாக. 1885 டிசம்பர் 28இல் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகளுடன் கூடிய முதல் காங்கிரஸ் மாநாடு ஒன்பது தீர்மானங்களை நிறைவேற்றியது. ஒருவர் முன்மொழிவார், மற்றொருவர் வழிமொழிவார், திருத்தம் வரும், வாக்கெடுப்பு நடக்கும். தீர்மானம் அவையைக் கட்டுமேயன்றி, வீடு திரும்பும் உறுப்பினரைக் கட்டாது. மிதவாத அரசியலின் வலிமையும் வரம்பும் இந்த இலக்கணத்துக்குள்ளேயே அடங்கியிருந்தன.

இந்த வரம்பு உடைந்தது இந்தியாவில் அன்று. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர்களிடையே. டிரான்ஸ்வாலில் எட்டு வயதுக்கு மேற்பட்ட இந்தியர் அனைவரும் கைரேகையுடன் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற அவசரச் சட்ட வரைவு 1906 ஆகஸ்டில் வெளியாயிற்று. அதை எதிர்த்துச் செப்டம்பர் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் அப்துல் கனி தலைமையில் கூட்டம் நடந்தது. சட்டத்துக்குப் பணியாமல் அதன் தண்டனைகளை ஏற்பது என்பதே முன்வைக்கப்பட்ட நான்காம் தீர்மானம். அதன்மீது பேசிய சேட் ஹாஜி ஹபீப், இறைவனைச் சாட்சியாக வைத்து இதை நிறைவேற்ற வேண்டும் என்றார். அந்த ஒரு சொல் மேடையிலிருந்த காந்தியைத் திடுக்கிடச் செய்தது.

பின்னாளில் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகம் பற்றி எழுதிய நூலில் காந்தி அத்தருணத்தை விரிவாக நினைவுகூர்கிறார். அவர் அன்று அவைக்கு விளக்கியது, சாரத்தில், ஒரு சொற்பொருள் வேறுபாடு. தீர்மானத்தைத் திருத்தலாம், அதனுடன் சேர்க்கலாம். பொதுவாழ்வில் அது வழக்கம். இறைவன் பெயரால் எடுக்கும் பிரதிக்ஞையைப் பெரும்பான்மையால் நிறைவேற்ற இயலாது. ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தாமே சோதித்து எடுக்க வேண்டும். மற்ற அனைவரும் விலகினாலும் எஞ்சிய ஒருவர் அதில் நிற்க வேண்டும். சிறை, கசையடி, அபராதம், நாடுகடத்தல் ஆகியவற்றையெல்லாம் எடுத்துச் சொல்லி, உறுதியில்லாதவர் எடுக்க வேண்டாம் என்றும் எச்சரித்தார். இறுதியில் அவையினர் எழுந்து நின்று, கை உயர்த்தி, பிரதிக்ஞை எடுத்துக்கொண்டனர். சத்தியாகிரகம் என்ற பெயர் அப்போது பிறந்திருக்கவில்லை. வோட்டாகத் தொடங்கிய கூட்டம் வவ்வாக முடிந்தது என்பதே அன்று நடந்தது. உயர்ந்த கைகளை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருக்கும்.

1929 லாகூர் காங்கிரஸ் முழு விடுதலைத் தீர்மானத்தை நிறைவேற்றியபோது இந்தப் பாடம் மறக்கப்படவில்லை. தீர்மானம் மாநாட்டோடு நின்றுவிடாமல், 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் மக்கள் கூடி உறுதிமொழி எடுக்கும் நாள் குறிக்கப்பட்டது. அந்தக் கூட்டங்கள் உரைகளோ அறைகூவல்களோ இன்றி அமைதியாக நடந்ததை நேரு தம் சுயசரிதையில் வியந்து குறிப்பிடுகிறார். அரசியல் சட்டம் 1950இல் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது தற்செயல் அன்று.

1946 டிசம்பர் 13இல் அரசியல் நிர்ணய சபையில் நோக்கங்கள் தீர்மானத்தை முன்மொழிந்த நேரு, தீர்மானம் என்ற சொல் போதாது என்று உணர்ந்து பேசினார். இது தீர்மானத்துக்கும் மேலானது என்று சொல்லி, பிரகடனம், உறுதி, பிரதிக்ஞை, பொறுப்பேற்பு, அர்ப்பணிப்பு எனச் சொல்லை அடுக்கினார். பாடநூல் ஒருபொருட்பன்மொழிகளாகத் தரும் அதே வகைப் பட்டியல்தான். ஆனால் இங்கே ஒவ்வொரு சொல்லும் முந்தையதைவிட ஒரு படி இறுக்கிக் கட்டுகிறது. அத்தீர்மானம் 1947 ஜனவரி 22இல் ஏற்கப்பட்டது. அதன் வழிவந்த முகவுரையில் மக்கள் உறுதிபூணும் இடத்தில் இந்தி வடிவம் 'திருட சங்கல்ப்' என்ற தொடரை ஆள்கிறது. சங்கல்பம் என்பது பூசையின் தொடக்கத்தில் இடமும் காலமும் குலமும் பெயரும் சொல்லித் தன்னைக் கட்டிக்கொள்ளும் சடங்குச்சொல். நாடாளுமன்ற இந்தியில் ரெசல்யூஷனுக்கும் அதுவே பெயர். பிரிந்துபோன நேர்ச்சையும் அவைமுடிவும் அங்கே மீண்டும் ஒரு கூரையின்கீழ் வந்தன.

குடியரசு வந்தபின் மேலேறிய சொல் வேறு. 1950 மார்ச் 15 நாளிட்ட அரசுத் தீர்மானம் ஒன்றினால் திட்டக்குழு அமைந்தது. (2015இல் அதன் இடத்தில் நிதி ஆயோக்கை நிறுவிய தீர்மானம் ஜனவரி 1 நாளிட்டது; அரசும் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்தது போலும்.) ஐந்தாண்டுத் திட்டங்களோடு 'டார்கெட்' இந்திய மொழிகள் அனைத்திலும் நுழைந்தது. பிரதிக்ஞை எடுத்தவரையே கட்டும். தீர்மானம் எடுத்த அவையைக் கட்டும். டார்கெட்டோ ஒருவர் நிர்ணயிக்க, மற்றொருவரைக் கட்டுவது. எண்ணுடன் வருவது. மேலிருந்து மாநிலத்துக்கும், மாவட்டத்துக்கும், கிராமச் செவிலியருக்கும் இறங்குவது. குடும்பக் கட்டுப்பாட்டில் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நெருக்கடி நிலைக் காலம் காட்டியது. 1976-77இல் நடந்த கருத்தடை அறுவைகள் 80 லட்சத்துக்கும் மேல். நிர்ணயித்த இலக்கைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கேடயத்தின் பெயராகப் பிறந்து எய்யப்படும் குறியாக மாறிய அச்சொல், ஏழை மக்களின் உடல்மீது வந்து நின்றது.

1996 ஏப்ரலில் நடுவண் அரசு குடும்பநலத் திட்டத்தில் 'டார்கெட்' முறையை நாடு முழுவதும் கைவிட்டது. பின்னர் அலுவல் ஆவணங்களில் அந்தச் சொல் இருந்த இடத்தில் 'எதிர்பார்க்கப்படும் சாதனை அளவு' என்ற தொடர் வந்தமர்ந்தது.