சுருக்கம் பிடித்தது யார்?

சென்ற சித்திரையில் ஒரு நாள், அடுப்பில் வைத்த குக்கர் நாலு விசில் ஊதுவதற்குள் என் மகளுக்கு ஒரு கவுன் தைத்து முடித்துவிட்டேன். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் தையல் ஞானம் பித்தான் தைப்பதற்கு மேல் அதிக தூரம் போனதில்லை. பெருமையெல்லாம் துணியைச் சேர்ந்தது.

ஜவுளிக்கடையில் இப்போது அப்படி ஒரு துணி வருகிறது. மேற்பகுதி முழுவதும் வரி வரியாக எலாஸ்டிக் நூல் ஓடிச் சுருங்கியிருக்கும். அதற்குக் கீழே துணி பாவாடை போல் விரிந்து தொங்கும். குழந்தையின் மார்பளவில் இரண்டு அங்குலம் குறைத்து வாங்கினால் போதும். இரண்டு ஓரங்களையும் சேர்த்து முதுகுப் பக்கம் ஒரே ஒரு தையல். எலாஸ்டிக் நூல்கள் ஓரத்தில் நழுவிவிடாமல் இருக்க அதே தையலை இன்னொரு முறை ஓட்டிவிட வேண்டும். கீழே ஒரு மடிப்பு, தோளுக்கு இரண்டு நாடா, அவ்வளவுதான். கழுத்து வெட்டுவது, கை வைப்பது, கொக்கி, ஜிப்பு ஒன்றும் கிடையாது. வெயிலுக்குக் காற்றோட்டமான கவுன் தயார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தாயார் கவுனை வாங்கி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள், விட்டாள்.

"தைச்சது நீ, சரி. சுருக்கம் பிடிச்சது யாருடி?" என்றாள்.

"மெஷின், அம்மா."

"அது தானாவா பிடிச்சது?"

கேட்க அவளுக்கு உரிமை உண்டு. 1980களில், என் ஐந்தாவது பிறந்த நாளுக்காக, ஸ்மாக்கிங் வைத்த கவுன் ஒன்றை அவள் ஒரு மாத காலம் உட்கார்ந்து தைத்தாள். கான்வென்ட் பள்ளியில் கற்ற வேலை அது. மார்பளவைப்போல் மூன்று மடங்கு அகலம் துணி எடுத்து, பென்சிலால் வரிசை வரிசையாகப் புள்ளி வைப்பாள். புள்ளிக்குப் புள்ளி நூலோட்டி எல்லா நூல்களையும் ஒன்றாக இழுப்பாள். துணி குழல் குழலாக ஒடுங்கும். அந்தக் குழல்களின் முகட்டில் வண்ண நூலால் தேன்கூடு மாதிரிப் பின்னல் போடுவாள். கடைசியில் இழுத்த நூல்களை உருவிவிட்டால், சுருக்கம் அப்படியே நிற்கும். இழுத்தால் விரியும்; விட்டால் ஒடுங்கும். அதில் ரப்பர் ஓர் இழைகூடக் கிடையாது.

இந்தக் கைவேலை பிறந்த இடம் இங்கிலாந்தின் வயல்வெளி. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் அங்கே ஆடு மேய்ப்பவர்களும் வண்டியோட்டிகளும் உழவர்களும் 'ஸ்மாக்' என்ற தொளதொளப்பான அங்கியை அணிந்தார்கள். சதுரமும் நீள்சதுரமுமான துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது அது. வளைத்து வெட்டி ஒரு முழம்கூட வீணாக்குவதில்லை. மார்பிலும் முதுகிலும் மணிக்கட்டிலும் மட்டும் சுருக்கம் பிடித்துப் பின்னல் போட்டார்கள். குனிந்தால், நிமிர்ந்தால், கையை ஓங்கினால் துணி கூடவே வரவேண்டும் அல்லவா? முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருந்த அங்கிகளும் உண்டு. முன்பக்கம் அழுக்கானால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்! ஏழையின் சிக்கனத்துக்குத்தான் எத்தனை சாமர்த்தியம்!

இயந்திரங்கள் வயலுக்கு வந்தபின் தொளதொளத்த அங்கி ஆபத்தாயிற்று, சக்கரத்தில் சிக்கிக்கொள்ளும். உழவர்கள் அதைக் கழற்றிவிட்டார்கள். அவர்கள் கழற்றியதைப் பணக்காரர்கள் எடுத்துத் தங்கள் குழந்தைகளுக்குப் போட்டார்கள். கேட் க்ரீனவே என்ற ஓவியர் 1870களின் கடைசியிலிருந்து குழந்தைப் புத்தகங்களில் வரைந்த சிறுமிகளின் அங்கிகளைப் பார்த்து, லண்டன் லிபர்ட்டி கடையில் அதே மாதிரி உடுப்புகள் விற்றார்கள். உழைப்பவனின் சட்டை, உழைக்கத் தெரியாத குழந்தையின் பட்டுக் கவுனாயிற்று.

சுருக்கத்துக்குப் பின்னல்தான் வழி என்ற நிலையை மாற்றியது ரப்பர். 1820ஆம் வருஷம் தாமஸ் ஹான்காக் என்ற ஆங்கிலேயர், கையுறையின் மணிக்கட்டிலும் காலுறையிலும் ரப்பர்ப் பட்டை வைத்துத் தைக்கக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும்; குளிரில் விறைத்துப்போகும். அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் என்பவர் கடனும் பட்டினியுமாக இதோடு மல்லுக்கட்டி, ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அந்தக் குணம் மாறிவிடுகிறது என்று 1839இல் கண்டுபிடித்தார். 1844இல் காப்புரிமையும் கிடைத்தது. 1860இல் அவர் இறந்தபோதும் கடன் மட்டும் தீரவில்லை.

அப்புறமும் ஒரு குறை இருந்தது. ரப்பரைத் தகடாக்கி, அந்தத் தகட்டிலிருந்து இழை இழையாக வெட்டித்தான் நூல் எடுத்தார்கள். அது தடித்திருக்கும், நீளமும் போதாது. மென்மையான கவுனுக்கு ஆகாது. 1920களில் மரத்துப் பாலை அம்மோனியா கலந்து உறையாமல் கப்பலேற்ற முடிந்தது. அந்தப் பாலையே நுண்ணிய துளை வழியாகப் பிழிந்து, இடியாப்பம் போல, முடிவில்லாத இழையாக எடுத்தார்கள். அதன்மேல் பருத்தியோ பட்டோ சுற்றி 1931இல் அமெரிக்காவில் 'லாஸ்டெக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். நீச்சலுடை, உள்ளாடை, கோடைக்கால கவுன் எல்லாம் அதற்குப் பிறகு உடம்போடு பேச ஆரம்பித்தன.

இவ்வளவு எலாஸ்டிக்குக்கும் பால் எங்கிருந்து வந்தது? அந்த மரத்தின் பூர்வீகம் பிரேசில் நாட்டுக் காடு. 1876இல் ஹென்றி விக்ஹாம் என்பவர் அங்கிருந்து 70,000 விதைகளை லண்டனில் உள்ள க்யூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் சுமார் 1,900 நாற்றுகள் அதே வருஷம் இலங்கைக்கு வந்தன. மறு வருஷம் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. 1888இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் பொறுப்புக்கு வந்த ஹென்றி ரிட்லி, மரம் சாகாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு தோட்டக்காரர்களிடம் கெஞ்சினார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று சிரித்தார்கள். மோட்டார் வண்டி வந்தது, சிரிப்பு நின்றது, மலாயாவில் காடெல்லாம் ரப்பராயிற்று.

அந்த மரங்களைச் சீவப் போனவர்கள் நம்மவர்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். மலாயாவின் பெரிய தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பெயர் கொடுத்துவிட்டு, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, இருட்டோடு மரத்தடிக்குப் போக வேண்டும். குளிர்ந்த வேளையில்தான் பால் ஓடும். கத்தி ஆழமாகப் பட்டால் மரம் காயப்படும். மேலாகப் பட்டால் பால் வராது. காகிதம் போல் மெல்லிசாகப் பட்டையைச் சீவ வேண்டும். இப்படி ஒரு காலைக்கு முந்நூறு, நானூறு மரங்கள். 1920களின் கடைசியில் நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. லாஸ்டெக்ஸ் கடைக்கு வருவதற்கு முந்தின வருஷம், மந்தத்தைக் காரணம் காட்டி அதையும் குறைத்தார்கள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மேல்நாடுகளுக்குப் போன ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. ஏற்கெனவே 1941 ஜூன் முதல் துணிக்குக் கூப்பன் வைத்திருந்த இங்கிலாந்தில் எலாஸ்டிக் அபூர்வப் பொருளாயிற்று. பெண்கள் உள்ளாடைக்குப் பித்தான் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். அதைப் பற்றிய வேடிக்கைக் கதைகள் அங்கே இன்றும் உண்டு. இங்கே மலாயாவிலோ, பாலுக்கு ஏற்றுமதி இல்லை, வேலையும் இல்லை. வேலையிழந்த தோட்டத் தமிழர்களைச் சயாம் – பர்மா ரயில் பாதை போட இட்டுச் சென்றார்கள். காலராவிலும் பட்டினியிலும் அங்கே பல்லாயிரக்கணக்கான ஆசியத் தொழிலாளர்கள் மாண்டார்கள். அவர்களில் நம்மவர் எத்தனையோ பேர். அதில் வேடிக்கைக் கதை ஒன்றுமில்லை.

யுத்தத்துக்குப் பின் ரப்பர் திரும்பிற்று. 1958இல் அமெரிக்காவில் ஜோசப் ஷிவர்ஸ் என்பவர் மரமே வேண்டாத 'ஸ்பான்டெக்ஸ்' இழையைக் கண்டார். இன்று எலாஸ்டிக் நூலில் மரத்து ரப்பரும் உண்டு, ரசாயன இழையும் உண்டு. ஊசிகளை வரிசையாகக் கோத்த இயந்திரம், ஒரே ஓட்டத்தில் பத்திருபது வரி சுருக்கம் போட்டுவிடுகிறது.

அம்மாவின் கேள்வி எனக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டது. மிச்சத் துணியில் நானே சுருக்கம் பிடித்துப் பார்த்தேன். எலாஸ்டிக் நூலைப் பாபினில் கையாலேயே, இழுக்காமல் சுற்ற வேண்டும், மேலே சாதாரண நூல், பெரிய தையல். ஒரு வரி தைத்ததும் துணியை நீட்டிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி. பன்னிரண்டு வரி போடுவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது, முதுகு ஒடிந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியின் ஆவியைக் காட்டியதும்தான் துணி 'சுருக்'கென்று ஒடுங்கியது. நான் குக்கர் விசிலுக்குள் முடித்த வேலையில், எனக்கு முன்பே யாரோ செய்து வைத்த வேலை எவ்வளவு என்பது அப்போதுதான் புரிந்தது.

அம்மா தைத்த கவுன் இன்னமும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எடுத்து இழுத்துப் பார்த்தேன். விரிந்தது; ஒடுங்கியது. என் மகளின் கவுன் அத்தனை காலம் வராது. சூடும் எண்ணெயும் வெயிலும் ரப்பருக்கு ஆகாதவை. இரண்டு மூன்று கோடையில் தளர்ந்துவிடும். அதற்குள் அவளும் வளர்ந்துவிடுவாள்.

நேற்று அதைத் துவைத்துக் கொடியில் போடப் போனேன்.

"வெயில்லே போடாதே. உள்பக்கம் திருப்பி நிழல்லே போடு" என்றாள் அம்மா. "எத்தனை பேர் கைபட்ட சாமானோ!"

திருப்பிப் போட்டேன். உள்பக்கம் எலாஸ்டிக் நூல், வரி வரியாக, வெள்ளையாக ஓடியிருந்தது.