கோவளம் அரண்மனை: கைமாறிய ஒரு குன்றின் வரலாறு

கோவளம் என்றதும் சென்னை வாசகருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைதான் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரை பேசுவது திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்சத்தை ஒட்டிய கோவளத்தைப் பற்றி. அங்கே அரபிக் கடலைப் பார்த்து நிற்கும் குன்றின்மேல் ஓர் அரண்மனை இருக்கிறது. ஹால்சியன் காசில் என்று பெயர். கோவளம் கொட்டாரம் என்றாலும் ஊரார் வழி சொல்வார்கள். அரச குடும்பத்தின் ஓய்வு மாளிகையாகத் தொடங்கி, அரசு ஓட்டலாகி, பின்னர் தனியார் கைக்குப் போன இந்த வளாகத்தின் கதை, கேரளச் சுற்றுலாவின் கதையும்கூட.

அரண்மனை கட்டப்பட்டது 1932-ல். கட்டியவர் மகாராணி சேது லட்சுமி பாயியின் கணவர், வலிய கோயித் தம்புரான் ராம வர்மா. ஓவியர் ராஜா ரவி வர்மாவின் பேத்தியான சேது லட்சுமி பாயி, 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை ரீஜெண்டாக ஆண்டவர். கோயில்களில் உயிர்ப்பலியையும் தேவதாசி முறையையும் நிறுத்தியது அவருடைய ஆட்சி. இளைய மகாராஜா சித்திரைத் திருநாள் பொறுப்பேற்றதும் அவர் அரசியலிலிருந்து ஒதுங்கினார். நகரத்து அரண்மனைகளின் கெடுபிடிகளுக்கு அப்பால், கடலோரத்தில் இந்த மாளிகை எழுந்த காலம் அதுதான்.

விடுதலைக்குப் பின் அரச குடும்பத்தின் வாழ்க்கையும் மாறியது. 1964-ல் அரண்மனை கேரள அரசுக்கு விற்கப்பட்டது. கோவளத்தை வெளிநாட்டுப் பயணிகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வலுத்திருந்தது. கேரளச் சுற்றுலாவின் முன்னோடியாகக் கருதப்படும் கர்னல் கோதவர்ம ராஜா அதற்காக ஓயாமல் உழைத்தவர். 1966-ல் இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம், அதாவது ஐ.டி.டி.சி., பிறந்தது. 1970-ல் அரண்மனையும் அதைச் சூழ்ந்த நிலமும் சுற்றுலாப் பணிக்காக மத்திய அரசிடம் போய்ச் சேர்ந்தன. கொடுத்தது அனுபவ உரிமையா, முழு உரிமையா? அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இந்தக் கேள்விதான் முப்பது ஆண்டுகள் கழித்து நீதிமன்றப் படி ஏறியது.

அரண்மனை வழக்குக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட, அதன் அருகே எழுந்த புதிய கட்டடத்துக்குக் கிடைக்கவில்லை. கோவளம் அசோக் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டலை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தின் காந்தி அருங்காட்சியகம் அவர் கைவண்ணம். கோவளத்தில் அவர் பணி 1969-ல் தொடங்கி 1974 வரை நீண்டது. கடற்கரை ஓட்டல் என்றாலே உயரமான ஒரே கட்டடமாக எழுப்பி, அத்தனை ஜன்னல்களையும் கடல் பக்கம் திருப்பிவிடுவது அன்றைய வழக்கம். கொரியா அப்படிச் செய்யவில்லை. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அறைகளைச் சரிவுக்குள்ளேயே பொருத்தினார். கட்டடம் குன்றோடு சேர்ந்து படிப்படியாகக் கடலை நோக்கி இறங்குகிறது. ஒவ்வோர் அறைக்கும் வானம் பார்த்த ஒரு திறந்த தளம் தனியாகக் கிடைக்கிறது. வெள்ளைச் சுவரும் சிவப்பு ஓடும் கேரள வீடுகளிலிருந்து வந்தவை. மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் ஊரில் எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் அந்தக் கடற்கரையில் இல்லை.

1970-களில் ஹிப்பிகள் கோவளத்து மணலைத் தேடி வந்தார்கள். அதே கரையில் அரசே நடத்திய நட்சத்திர ஓட்டலும் இருந்தது. பின்னாளில் உலகம் கேரளத்தைத் தேடி வந்ததற்கு இந்த இரண்டு கூட்டமும் காரணம்.

வாஜ்பாய் அரசு பொதுத் துறை ஓட்டல்களை விற்கத் தொடங்கியபோது அலை கோவளத்தையும் தொட்டது. மாமல்லபுரத்தின் டெம்பிள் பே அசோக், மதுரை அசோக், உதய்ப்பூரின் லட்சுமி விலாஸ் அரண்மனை எல்லாம் தனியாருக்குப் போன காலம் அது. 2002-ல் கோவளம் அசோக்கை, அரண்மனையோடு சேர்த்து, எம்.ஃபார் ஓட்டல்ஸ் வாங்கியது. 2005-ல் லீலா குழுமம். 2011-ல் ரவி பிள்ளையின் ஆர்.பி. குழுமம். பத்தே ஆண்டுகளில் மூன்று உரிமையாளர்கள்.

சுற்றுலாவுக்காகக் கொடுத்த அரண்மனையை விற்க மத்திய அரசுக்கு உரிமை ஏது என்று கேரளம் கேட்டது. கேள்வி நியாயமானது, ஆனால் அதை 1970-லேயே எழுத்தில் தீர்த்திருக்க வேண்டும். 2004-ல் அரண்மனையைத் திரும்ப எடுக்க மாநில அரசு முயன்றது. அது நீதிமன்றத்தில் நிற்காமல் போகவே, 2005-ல் சட்டமன்றம் இதற்கென்றே தனிச் சட்டம் நிறைவேற்றியது. அதையும் கேரள உயர் நீதிமன்றம் 2011-ல் ரத்து செய்தது. மாநிலத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2016-ல் ஏற்கவில்லை.

திருவனந்தபுரம் நகருக்குள், பாளையத்தை அடுத்துள்ள மாஸ்கட் ஓட்டலுக்கு இந்தச் சிக்கல் எதுவும் வரவில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் இன்றும் மாநிலச் சுற்றுலாக் கழகமான கே.டி.டி.சி.யின் கையில்தான் இருக்கிறது. டெல்லிக்குப் போகாத சொத்து என்பதால் டெல்லி விற்கும் பட்டியலிலும் அது ஏறவில்லை.

2017 ஜூலையில் பினராயி விஜயன் அமைச்சரவை அரண்மனையை ஆர்.பி. குழுமத்திடம் ஒப்படைக்க முடிவு செய்தது. முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் அதைக் கடுமையாக எதிர்த்தார். அமைச்சரவையும் உரிமையை முழுதாக விட்டுவிடவில்லை: அரண்மனை யாருக்குச் சொந்தம் என்பதைச் சிவில் நீதிமன்றத்தில் எழுப்பும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்ற நிபந்தனையோடுதான் அந்த ஒப்படைப்பு முடிவானது.