கல்யாணம் எப்போது?

காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு நேர்காணல் போய்வந்த பி.காம். மாணவி மறுநாள் என்னிடம் வந்தாள். “டேலி பத்தி ஒரு கேள்விகூட இல்ல மேம். கல்யாணம் எப்போன்னு கேட்டாங்க. இப்போதைக்கு இல்லன்னேன். ‘எப்படியும் பண்ணிக்கிட்டுப் போயிடுவீங்க’ன்னு சிரிச்சாங்க.”

அந்த மேலாளரின் கேள்வி புதிதல்ல. முக்கால் நூற்றாண்டாகக் கேட்கப்படுவது.

சென்னையில் படித்த சி.பி. முத்தம்மா 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். அப்பணியில் அவரே முதல் பெண். அது பெண்களுக்குத் தோதான வேலை அல்ல என்று சொல்லி, நேர்காணல் குழு அவரைத் தடுக்கப் பார்த்தது. 1951இல் அன்னா ராஜம் இந்திய ஆட்சிப் பணிக்கு வந்தார். அவரிடம் குழு சொன்னது: ஆட்சிப் பணி வேண்டாம், பெண்களுக்கு வெளியுறவுப் பணி போன்றவையே ஏற்றவை! இரண்டே ஆண்டுகளில் அதே வேலை ஆகாததிலிருந்து ஏற்றதாகிவிட்டது. குழுக்கள் எடைபோட்டது வேலையை அல்ல, எதிரே உட்கார்ந்திருந்தவர் பெண் என்பதைத்தான். மணமானால் வேலை இல்லை என்ற நிபந்தனை இருவருக்குமே இருந்தது. அன்னா ராஜம் சென்னை மாகாணத்தைக் கேட்டு வாங்கி, ஓசூரில் சப்-கலெக்டர் ஆனார்.

தொழிற்சாலையிலும் இதே கதைதான். மருந்து நிறுவனமொன்றின் பேக்கிங் பிரிவில் மணமான பெண்களை வேலையைவிட்டு நீக்கும் விதி இருந்தது. மணமானவர்கள் அடிக்கடி லீவு போடுவார்கள் என்றது நிர்வாகம். பம்பாய்த் தொழிலாளர் சங்கம் தொடுத்த வழக்கில், 1965இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பேறுகால விடுப்புதான் ஒரே வித்தியாசம். கூடுதலாகச் சில பெண்களை வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்றது. 1976இன் சம ஊதியச் சட்டம், ஆள் எடுப்பதிலேயே பாகுபாடு கூடாது என்றது.

விதி போனது, கேள்வி தங்கிவிட்டது. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலை மணமான பெண்களை ஒதுக்குவதாக 2024இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, ஒன்றிய அரசு விளக்கம் கேட்டது.

என் விரிவுரையாளர் நேர்காணலில் ஆய்வேட்டைப் பற்றி எவரும் கேட்கவில்லை. “குழந்தையை யார் பார்த்துப்பாங்க?” என்றார்கள். “அம்மா இருக்காங்க சார்” என்று பணிவாகச் சொன்னேன். அந்தப் பணிவைத்தான் இத்தனை ஆண்டுகளாக மாணவிகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

“அடுத்த வாரம் இன்னொரு இன்டர்வியூ மேம். கேட்டா என்ன சொல்லட்டும்?”

“மாசக் கணக்கை எத்தனாம் தேதிக்குள்ள முடிக்கணும் சார்னு நீ கேளு.”

அவளுக்கு அந்தச் சம்பளம் தேவை. இதைக் கேட்டால் வேலை போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். கேள்வியைத் திருத்திக்கொள்ள வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.