கன்னி

'கன்யா' என்னும் வடசொல்லோடு உறவுடைய 'கன்னி', இளமை, மணமாகாமை, புதுமை ஆகிய மூன்றையும் ஒருங்கே சுட்டுவதால், ஏசாயா 7:14-இல் இளம்பெண்ணைக் குறிக்கும் 'அல்மா' என்ற எபிரேயச் சொல்லுக்கும், மத்தேயு கையாண்ட, ஆணை அறியாதவளைக் குறிக்கும் 'பார்த்தெனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கும் பொருந்தி நிற்கிறது. குளக்கரையிலும் வயலோரத்திலும் மஞ்சள் பூசி நிறுத்திய ஏழு கற்களைக் கன்னிமார் என வணங்கும் கொங்கு மக்களுக்கு இச்சொல் தெய்வத்தையே நினைவூட்டும். ஆனால் கருமத்தம்பட்டி செபமாலை மாதா கோயிலில் மணிகளை உருட்டியபடி 'கன்னிமரி' என்று அழைக்கையில் அது சுட்டுவது தெய்வத்தை அன்று, ஒரு மானிடப் பெண்ணையே. இவ்வேறுபாடு மிக இன்றியமையாதது. ஏனெனில் மானிடத் தந்தையின்றிப் பிறந்தும், அவளிடமிருந்தே ஊனும் குருதியும் பெற்றதால்தான் கிறிஸ்து மெய்யான மனிதர் என்பது திருச்சபையின் போதனை. அவர் மெய்யான கடவுளும் மெய்யான மனிதருமாவார் என்று 451-இல் கூடிய கால்சிதோன் சங்கம் அறிக்கையிட்டது.