எண்ணெய் ஊறிய மண்ணில் இயற்கைச் சோப்பு: நுண்ணுயிரிகளைக் கண்டறிந்து சோதிப்பது எப்படி?

பெட்ரோல் பங்க்குகள், லாரிப் பட்டறைகள், எண்ணெய் ஆலைகள் ஆகியவற்றைச் சுற்றியுள்ள மண்ணில் எண்ணெயையே உணவாகக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் உள்ளன. அவற்றில் சில, எண்ணெயை நுண்துளிகளாக உடைப்பதற்குச் சோப்பு போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. ‘பயோசர்ஃபாக்டன்ட்’ எனப்படும் இந்த இயற்கைப் பொருள், மண்ணில் எளிதில் மக்கக்கூடியது. நிலக்கடலைச் சாகுபடியும் லாரிப் போக்குவரத்தும் மிகுந்த ஆந்திரத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இத்தகைய தேடலுக்கு ஏற்ற களங்களாகும்.

ஏன் முக்கியம்?

சித்தூர் மாவட்டத்தில் உருவாகும் நகரி ஆறு, பூண்டி நீர்த்தேக்கப் பகுதியில் கொசஸ்தலை ஆற்றுடன் இணைகிறது. அந்த ஆறு கடலில் கலக்கும் எண்ணூர், எண்ணெய்க் கசிவால் இருமுறை பெரும் பாதிப்புக்குள்ளானது. 2017 ஜனவரி 28-ல் இரு கப்பல்கள் மோதியதில் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கழிமுகத்தில் படிந்த எண்ணெய், மீனவர்களின் வாழ்வாதாரத்தைப் பாதித்தது. 2017 விபத்துக்குப் பின் அள்ளப்பட்ட கசடைச் சிதைக்க நுண்ணுயிரிகளும் பயன்படுத்தப்பட்டன.

கண்டறியும் முறை

முதலில் எண்ணெய் படிந்த மண் சேகரிக்கப்பட்டு, எண்ணெயைத் தவிர வேறு கரிம உணவு இல்லாத உப்புக் கரைசலில் இடப்படுகிறது. அதில் பெருகும் பாக்டீரியாக்கள் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கப்படுகின்றன. பின்னர் செல்களை நீக்கிய தெளிந்த திரவம் பின்வரும் சோதனைகளுக்கு உட்படுத்தப்படுகிறது.

* துளிச் சோதனை: எண்ணெய் பூசிய தட்டில் திரவத்தின் ஒரு துளி இடப்படும். நீர்த்துளி குவிந்தே நிற்கும். சர்ஃபாக்டன்ட் இருந்தால் துளி தட்டையாகிப் பரவும்.

* எண்ணெய் விலகல்: நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் ஒரு துளி விடப்படும். எண்ணெய் விலகித் தெளிந்த வட்டம் உருவானால் சர்ஃபாக்டன்ட் இருப்பதற்கான அறிகுறி.

* பால்மமாக்கல்: திரவமும் மண்ணெண்ணெயும் சம அளவில் குலுக்கப்பட்டு, 24 மணி நேரத்துக்குப் பின் பால்ம அடுக்கின் உயரம், மொத்த உயரத்தின் சதவீதமாகக் கணக்கிடப்படும்.

* பரப்பு இழுவிசை: தூய நீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். பேசிலஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவிலிருந்து 1968-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த ‘சர்ஃபாக்டின்’, இதைச் சுமார் 27 ஆகக் குறைக்கிறது.

ஒரே சோதனை போதாது

இரத்தம் கலந்த அகார் தட்டில் பாக்டீரியாவைச் சுற்றித் தெளிந்த வளையம் உருவாவது எளிய முதற்கட்டச் சோதனையாகும். ஆனால், இரத்தச் சிவப்பணுக்களை வேறு நச்சுப்பொருள்களும் சிதைக்கும். சில சர்ஃபாக்டன்ட்கள் சிதைப்பதில்லை. செறிவு குறைவாக இருந்தால் துளிச் சோதனையும் தவறான முடிவைத் தரலாம். அசினெட்டோபாக்டர் சுரக்கும் ‘எமல்சான்’ எண்ணெயை நன்கு பால்மமாக்கினாலும், பரப்பு இழுவிசையை அதிகம் குறைப்பதில்லை. எனவே, பல சோதனைகளின் முடிவுகளை ஒப்பிட்ட பிறகே ஒரு நுண்ணுயிரி தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதன்பின் மரபணு வரிசை மூலம் இனமும், நிறமாலைச் சோதனைகள் மூலம் சுரக்கும் பொருளின் வேதி அமைப்பும் உறுதி செய்யப்படுகின்றன.

முதற்கட்டச் சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் போன்று நுண்ணுயிரியல் துறை உள்ள கல்வி நிறுவனங்களிலேயே அவற்றைச் செய்ய முடியும்.

செலவும் பாதுகாப்பும்

உற்பத்திச் செலவே பெரும் தடையாக உள்ளது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மைய ஆய்வாளர்கள், பயன்படுத்திய மோட்டார் எண்ணெயையும் கடலைப் பிண்ணாக்கையும் கொண்டு பாக்டீரியா மூலம் சர்ஃபாக்டன்ட் தயாரித்து, 2007-ல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். நிலக்கடலை விளையும் சித்தூர் பகுதிக்கு இந்த வழிமுறை பொருத்தமானது. ஐரோப்பாவில், சர்க்கரையை நொதிக்கச் செய்து ‘ராம்னோலிப்பிட்’ தயாரிக்கும் எவோனிக் நிறுவனத்தின் ஆலை, ஸ்லோவாக்கியாவில் 2024-ல் திறக்கப்பட்டது.

பாதுகாப்பும் முக்கியம். ராம்னோலிப்பிட்டை அதிகம் சுரக்கும் சூடோமோனாஸ் எருஜினோசா, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்குத் தொற்றை ஏற்படுத்தக்கூடியது. எனவே, ஆய்வகத்தில் சிறந்த மதிப்பெண் பெறும் நுண்ணுயிரியை அப்படியே வயலிலோ ஆற்றிலோ விட முடியாது. தீங்கற்ற இனம் என்பது உறுதியான பிறகே அது களத்துக்குச் செல்ல வேண்டும். இல்லையெனில் செல்களை நீக்கி, சுத்திகரித்த சர்ஃபாக்டன்டை மட்டும் பயன்படுத்த வேண்டும்.