வெள்ளிக்கிழமையும் மீனும்

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கி மீன் உண்பது ஏன் என்று கேட்டால், மீன் வணிகத்தைத் தூக்கி நிறுத்துவதற்காகப் போப்பாண்டவர் ஒருவர் பிறப்பித்த ஆணை அது என்று விடை கூறுவோர் உண்டு. நம்மவர் மேடைகளிலும் இக்கதையை நாம் கேட்டிருக்கிறோம். பிற சமயத்தாரின் வணக்கத்தைக் கடைத்தெருக் கணக்காகச் சுருக்கிச் சிரிப்பது எளிது. நம்முடைய ஹஜ்ஜைப் பற்றி மேலைநாட்டார் சிலர் இவ்வாறே எழுதியபோது நாம் மனம் வருந்தினோம். எனவே இக்கதைக்குச் சான்று உண்டா என்று பார்த்துவிடுவது நம் கடன்.

வெள்ளி நோன்பு கிறிஸ்தவத்தின் மிகத் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததென்று அறிஞர் பலர் கருதும் 'டிடாக்கே' என்னும் சிறுநூல் அதனைக் குறிப்பிடுகிறது. நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் கிரேக்கப் படியை, உஸ்மானியத் தலைநகராகிய இஸ்தான்பூலின் மடாலய நூலகம் ஒன்றில் 1873இல் கண்டெடுத்து, 1883இல் அச்சேற்றியவர் பிலோத்தியோஸ் பிரியென்னியோஸ். யூதருள் பக்தி மிக்கோர் திங்களிலும் வியாழனிலும் நோன்பிருந்து வந்தனர். அவர்களினின்றும் வேறுபட்டுப் புதனிலும் வெள்ளியிலும் நோன்பிருக்க வேண்டும் என்பதே அந்நூலின் கட்டளை. திங்களும் வியாழனும் நமக்குச் சுன்னத்தான நோன்பு நாட்களாக இருப்பதையும், வெள்ளியை மட்டும் தனியே பிரித்து நோன்பு நோற்க வேண்டாமென நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதையும் வாசகர்கள் நினைவுகூர்வர்.

கிறிஸ்தவர்களின் நம்பிக்கைப்படி ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அறையப்பட்டது ஒரு வெள்ளிக்கிழமை. அத்துயரத்தின் நினைவாகவே அவர்கள் அன்று இறைச்சியைத் துறந்தனர். 866இல் பல்காரியர்களின் கேள்விகளுக்கு விடையெழுதிய போப் முதலாம் நிக்கொலாஸ், வெள்ளிக்கிழமை புலால் மறுப்பதை நிலைபெற்ற ஒழுக்கமாகவே குறிப்பிடுகிறார். இங்கே ஒன்றைக் கருத வேண்டும்: திருச்சபையின் சட்டம் எக்காலத்திலும் மீனை உண்ணுமாறு பணித்ததில்லை. இறைச்சியை விலக்கு என்பதோடு அது நின்றுவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் இதற்குச் 'சுத்தபோசனம்' என்றே பெயர் வைத்தனர். அப்பெயரிலும் மீன் இல்லை.

மீன் ஏன் விலக்கப்படவில்லை? பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ் இதற்குக் காரணம் கூறுகிறார். நிலத்தில் வாழும் விலங்குகளின் ஊன் மனித உடலுக்கு நெருக்கமானது. சுவையும் ஊட்டமும் மிக்கது. ஆகவே இச்சையைத் தூண்டுவது. மீன் அத்தகையதன்று என்பது அவர் வாதம். நிலத்துக்கும் நீருக்கும் இடையே கோடு கிழிப்பது நமக்கும் புதிதன்று. இஹ்ராம் பூண்டவருக்குத் தரை வேட்டையைத் தடுத்துக் கடல் வேட்டையை அனுமதிக்கும் அல்மாயிதா அத்தியாயத்தின் வசனத்தை நாம் அறிவோம். ஆயினும் கோடு கிழித்தபின் அதன்மேல் நிற்பவை எப்பக்கம் என்ற வினா எழாமல் இராது. ஹனஃபி நூலார் இறாலை வைத்துக்கொண்டு எவ்வளவு வாதித்தனர்! கீழைத் திருச்சபையாரோ நேர்மாறாகச் சென்றனர். பெருநோன்புக் காலத்தில், இரண்டொரு திருநாட்கள் நீங்கலாக, மீனை விலக்கிவிட்டு, குருதியற்றவை என்று இறாலையும் கணவாயையும் அனுமதித்தனர்.

மேலைத் திருச்சபையில் கோட்டின்மேல் வந்து நின்றது ஒரு வாத்து. வடகடலோரங்களில் குளிர்காலத்தில் வந்திறங்கும் பார்னக்கிள் வாத்து கூடுகட்டுவதை அங்கே எவரும் கண்டதில்லை. கடலில் மிதக்கும் மரக்கட்டைகளில் ஒட்டி வளரும் ஓட்டுயிரிகளிலிருந்தே அது பிறக்கிறது என்று மக்கள் நம்பினர். ஊனிலிருந்து பிறவாதது ஊன் ஆகாது என்று சொல்லி, அயர்லாந்தின் சில பகுதிகளில் குருமார்களே நோன்பு நாட்களில் அதனை உண்டதாக வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் 1180களில் எழுதினார். அவர் பிறப்புக் கதையை நம்பினார். தீர்ப்பை மட்டும் ஏற்கவில்லை. ஆதமும் ஊனிலிருந்து பிறந்தவரல்லர். அவர் தொடையைத் தின்றவன் ஊன் தின்னவில்லை என்று சொல்ல இயலுமா என்று மடக்கினார். கதையையே ஐயுற்றவர் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக். வல்லூறு வேட்டை குறித்த அரபு நூலைத் தம் அவையில் லத்தீனில் பெயர்க்கச் செய்தவர் அவர். அந்த மரக்கட்டைகளை வடபுலத்திலிருந்து வருவித்துத் தாமே ஆராய்ந்தார். ஓடுகளுக்குள் பறவையின் சாயலே இல்லை. தொலைவில் எங்கோ அது கூடு கட்டுவதை அறியாததால் பிறந்த கதை இது என்று தம் வேட்டை நூலில் முடிவு கூறினார். அவர் சொன்னதே சரி. அவ்வாத்து ஆர்க்டிக் பகுதியில் முட்டையிடுகிறது.

இனி வணிகக் கதைக்கு வருவோம். மீனவர் நலனுக்காக மீன் நாள் விதித்த அரசு ஒன்று வரலாற்றில் இருந்தது மெய்யே. ஆனால் அது போப்பின் அரசன்று. போப்பை மறுத்துப் பிரிந்த இங்கிலாந்து. வெள்ளியும் சனியும் அங்கே முன்னரே மீன் நாட்களாக இருக்க, 1563இல் முதலாம் எலிசபெத்தின் நாடாளுமன்றம் புதனையும் சேர்த்தது. அமைச்சர் வில்லியம் செசிலின் நோக்கம் வெளிப்படையானது: மீன்பிடி தழைத்தால்தான் கடற்படைக்கு மாலுமிகள் கிடைப்பர். அன்று இறைச்சி தின்றவனுக்கு மூன்று பவுன் தண்டம் அல்லது மூன்று மாதச் சிறை. இதிலும் வியப்பானது, மீன் உண்பது ஆன்ம ஈடேற்றத்துக்கு அவசியம் என்று போதிப்பவனையும் அதே சட்டம் குற்றவாளியாக்கியது. அதாவது நோன்பின் உடல் வேண்டும், உயிர் வேண்டாம்! மக்கள் அதனைச் 'செசிலின் நோன்பு' என்று எள்ளினர். புதன் விதி 1585இல் நீக்கப்பட்டது. இங்கிலாந்தின் அரசு செய்ததை ரோமாபுரியின் தலையில் ஏற்றிவிட்டனர் போலும்.

எனினும் வழக்கத்தால் வணிகம் வளர்ந்ததை மறுப்பதற்கில்லை. உப்பிட்ட ஹெர்ரிங் மீனும் உலர்ந்த காட் மீனும் ஐரோப்பா முழுவதும் பெருஞ்செல்வமாயின. 1962இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் மெக்டொனால்ட்ஸ் கடை நடத்திய லூ குரோன், கத்தோலிக்கர் மிகுந்த அப்பகுதியில் வெள்ளிதோறும் விற்பனை படுத்துவிடுவதைக் கண்டு மீன் ரொட்டியை அறிமுகம் செய்தார்.

1966 பிப்ரவரியில் போப் ஆறாம் பவுல் தவ விதிகளைத் திருத்தி, அந்தந்த நாட்டு ஆயர்கள் வேறு தவ முயற்சிகளை மாற்றாக ஏற்க வழிவிட்டார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்க ஆயர்கள் தவக்காலம் தவிர்த்த வெள்ளிகளில் கட்டாயத்தைத் தளர்த்தினர். நியூ இங்கிலாந்துத் துறைகளில் மீன் விலை சராசரியாக 12.5 விழுக்காடு குறைந்ததென 1968இல் பொருளியலாளர் ஃபிரெடெரிக் பெல் கணக்கிட்டார். இங்கிலாந்து, வேல்ஸ் ஆயர்கள் 1985இல் தளர்த்திய விதியை 2011 செப்டம்பர் 16 முதல் மீண்டும் நடைமுறைப்படுத்தினர். வழக்கமாகவே இறைச்சி உண்ணாதவர் அன்று வேறொரு உணவைத் துறக்க வேண்டும் என்றும் அதில் சேர்த்தனர்.